பெரியவர்கள் சண்டையில் என் மகனை ஊர்க் கபடி அணியிலிருந்து ஒதுக்குகிறார்கள், என்ன செய்வது?

உங்கள் மகனுக்கு இன்னும் 16 வயது முடியவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முடியப்போகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, இருந்தும் ஊர் இரண்டாகத்தான் நின்றது. நான் என் மச்சினனுக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டேன். கபடிக் குழுச் செயலாளர் எதிர்த்தரப்பு.

மகன் கார்னரில் நின்று, பாடி வருபவனைப் பிடிப்பவன். சப்-ஜூனியர் பிரிவுக்கு அப்போது 16 வயது, 55 கிலோதான் வரம்பு. அவன் 58 இருந்தான். இரண்டு மாதம் ராத்திரிச் சோற்றை விட்டான், விடியுமுன்னே கண்மாய்க் கரையில் ஓடினான். அரிசிக் கடைத் தராசு 54½ காட்டிய அன்று வீட்டுக்கு வந்து அவன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். பொங்கல் முடிந்து மாவட்டத் தேர்வுக்குப் பட்டியல் போனது. அவன் பெயர் இல்லை. கேட்கப் போனவனிடம் செயலாளர், "உங்கப்பா அங்கிட்டுத்தான ஓட்டுக் கேட்டாரு, அங்கிட்டே போயி ஆடு" என்றிருக்கிறார். என்னிடம் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். பிள்ளையிடம் சொன்னார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா" என்று நானும் சொல்லிவிட்டேன். மார்ச்சில் ஊரடங்கு. மறுபடி போட்டிகள் நடந்தபோது அவனுக்கு வயது தாண்டிவிட்டது. ஜூனியரில் 20 வயதுப் பையன்கள் பாடி வருவார்கள். 55 கிலோவுக்காக வயிற்றைக் கட்டியவன் அவர்களை எப்படிப் பிடிப்பான்?

நீ அரசியலுக்குப் போயிருக்கக் கூடாது என்று யாராவது எழுதுவீர்கள். ஓட்டுக் கேட்பது என் உரிமை. அந்தக் கோபத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை மேல் தீர்ப்பது என்ன நியாயம்? எல்லாச் செயலாளரையும் சொல்லவில்லை, சொந்தக் காசில் பையன்களுக்கு ஷூ வாங்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். மேல்மட்டத்திலும் இதுதான் நடந்தது. அகில இந்தியக் கபடிச் சம்மேளனத்தின் பதவித் தகராறு 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நிர்வாகி நியமிக்கும் அளவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நம் பெண்கள் அணி ஆசிய சாம்பியன்ஷிப்புக்கு ஈரான் போக வழி பிறந்தது.

   

உங்களுக்குச் சொல்வது இதுதான்: செயலாளர் கையெழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரைப் பார்த்து, பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டி அணியில் அவனைச் சேர்க்கச் சொல்லுங்கள். முதலமைச்சர் கோப்பையில் 12 முதல் 19 வயது வரை பள்ளிப் பிரிவு உண்டு, பதிவு இணையத்தில். விவரம் வேண்டுமானால் மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.