மகளின் மனநலச் சிகிச்சைக்குச் சம்மதம் தரவேண்டியவர் யார்?

கேள்வி: கணவரைப் பிரிந்து வாழ்கிறேன், மகள் யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. பிளஸ் 1 படிக்கும் 16 வயது மகளுக்குக் கடும் மனச்சோர்வு. மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறார்கள். எல்லாம் புரிகிறது, நானே கையெழுத்திடுகிறேன் என்கிறாள். இதுவரை எட்டிப்பார்க்காத தந்தையோ, சேர்த்தால் வழக்குப் போடுவேன் என்று மருத்துவமனைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

பதில்: கணவர் வீட்டாரைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியவை இங்கே தேவையில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி, 18 வயது நிறையாதவர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அவருக்கான சம்மதத்தை நியமனப் பிரதிநிதியே, அதாவது நோயாளிக்காக முடிவெடுக்கச் சட்டம் ஏற்கும் நபரே, தரவேண்டும். பிரிவு 15 அந்த இடத்தைச் சட்டப்படியான பாதுகாவலருக்குத் தருகிறது. பிள்ளையின் முதிர்ச்சியை எடைபோட்டு அதன் சம்மதத்தையே ஏற்கும் இங்கிலாந்தின் 1985 கில்லிக் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆனாலும் சிறாரின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று பிரிவு 87 சொல்வதால், மகள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள்.

இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையையே முதல் பாதுகாவலராக வைக்கிறது. தந்தை பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் பாதுகாவலராகலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எட்டிப்பார்க்கவில்லை என்ற உங்கள் ஒரு குறைக்கு மட்டும் அதனால் மதிப்புண்டு. தந்தை இப்போது தலையிடுகிறார் என்று காட்டும் அந்தக் கடிதம் அதையும் பலவீனப்படுத்துகிறது. நியமனப் பிரதிநிதி கேட்டால் டிஸ்சார்ஜ் செய்தே ஆகவேண்டும் என்பதால், மருத்துவமனை தயங்குவதில் வியப்பில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றை. இத்தகைய வழக்குகளில் சிலர், தந்தையால்தான் பிள்ளை இந்த நிலைக்கு ஆளானாள் என்று காட்ட, மருத்துவச் சீட்டுகளைப் பொறுப்பு வழக்கில் ஆவணமாகத் தாக்கல் செய்கிறார்கள். அடுத்த வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே சீட்டைக் கையில் எடுத்து, மனநோயாளியான சிறுமி தாயோடு இருக்க விரும்புவதாகச் சொல்வதை நீதிமன்றம் எப்படி நம்பும் என்று கேட்பார். மறுபரிசோதனை கோரி மனுவும் வரும். தான் அறைக்குள் சொன்னது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டதை அறிந்த பிள்ளை, அதன்பின் மருத்துவரிடம் வாயே திறப்பதில்லை. தயவுசெய்து அந்தக் காகிதங்களை வழக்குக் கட்டில் சேர்க்காதீர்கள்.

பிரிவு 15-இன்படி மனநல சீராய்வு மன்றத்தில் உங்களை நியமனப் பிரதிநிதியாக நியமிக்கக் கோரலாம். ஆனால் தந்தை மகளின் நலனுக்காகச் செயல்படவில்லை அல்லது தகுதியற்றவர் என்று அங்கே நிரூபிக்கவேண்டும். சமரசமே மேல். சிகிச்சைச் சம்மதம் உங்களுடையது, மருத்துவரை நேரில் சந்திக்கும் உரிமை அவருக்கும் உண்டு என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கூட்டு மெமோவைக் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். அதற்காக, அவர் மகளைச் சந்திக்கும் பார்வை நாட்களில் அவர் கேட்பதைச் சற்று விட்டுக்கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதற்கும் காத்திருக்கவேண்டாம். பிரிவு 94 அதிகபட்சம் 72 மணி நேரம் அவசரச் சிகிச்சைக்கு இடமளிக்கிறது, உடனிருக்கும் நீங்கள் சம்மதக் கையெழுத்திடுங்கள்.