பனிச்சறுக்கு வாத்தியார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நார்வே பனிச்சறுக்கு வீரர் ஸ்டைன் எரிக்சன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒலிம்பிக் தங்கமும் உலக சாம்பியன் பட்டமும் வென்றவர், 26 வயதில் போட்டிகளை விட்டுவிட்டு அமெரிக்காவில் சறுக்கச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார் என்ற இடத்தில் மனசு நின்றுவிட்டது. இன்னொரு ஒலிம்பிக் பார்த்திருக்கலாமே? உச்சத்தில் இருந்தவர் இப்படி இறங்கி வந்தது வருத்தமாக இருக்கிறது. ஏன் போனார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ‘இறங்கி வந்தது’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் காலத்து விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு சறுக்கக் கற்றுக்கொடுப்பவர் தொழில்முறைக்காரர், அவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. ஆல்பைன் பனிச்சறுக்கு, அதாவது மலைச்சரிவில் வேகமாக இறங்கும் வகை, ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்தது 1936இல், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில். அந்த முதல் தடவையே வாத்தியார்களைத் தடுத்தார்கள். ஆஸ்திரிய, சுவிஸ் வீரர்கள் அதை எதிர்த்து ஆல்பைன் போட்டிகளைப் புறக்கணித்தார்கள். மலைக்கிராமத்துப் பையனுக்குக் குளிர்காலத்தில் கைவசம் இருந்த பிழைப்பே அதுதான். அதைச் செய்தால் நீ வீரனில்லை என்றது அநியாயம். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

எரிக்சன் பிறந்த ஊர் ஒஸ்லோ. 1952 ஒலிம்பிக்கும் அங்கேதான். ஜெயண்ட் ஸ்லாலமில் தங்கம், ஸ்லாலமில் வெள்ளி. ஸ்லாலம் என்றால் நட்டுவைத்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி; ஜெயண்ட் ஸ்லாலமில் கம்பங்களின் இடைவெளி அதிகம். 1954இல் ஸ்வீடனின் ஓரேயில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம். அதோடு மிச்சிகனில் பாய்ன் மவுண்டன் சறுக்குப் பள்ளிக்குப் பொறுப்பேற்கப் போய்விட்டார். அந்த மலைச்சரிவின் உயரம், உச்சியிலிருந்து அடிவாரம் வரை, சுமார் 150 மீட்டர்தான். ஒஸ்லோவில் ஸ்லாலம் தங்கத்தை அவரிடமிருந்து பறித்த ஆஸ்திரியர் ஒத்மர் ஷ்னைடரும் பின்னாளில் வாத்தியார்தான். சிலியின் போர்ட்டியோவில் பள்ளி நடத்தினார்.

எரிக்சன் சறுக்கும் விதமே தனி. இரண்டு பலகைகளும் ஒட்டினாற்போல் இருக்கும். திரும்பும்போது இடுப்பு மலைப்பக்கம் சாயும், தோள் பள்ளத்தாக்கை நோக்கும், உடம்பு ஒரு காற்புள்ளி மாதிரி வளையும். அப்பா 1912 ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ஜிம்னாஸ்டிக் வீரர். மகனுக்கும் அந்தப் பயிற்சி உண்டு. பலகைகளோடு காற்றில் குட்டிக்கரணம் போடுவார், கூட்டம் அதைப் பார்க்கவே வரும். ஆனால் ஒரு திருப்பத்தை மற்றவர் காலில் வரவழைப்பது வேறு வித்தை.

அதை நான் காஷ்மீரின் குல்மர்க்கில் நேரில் பார்த்தேன். நான்கு நாள் கற்றுக்கொள்ளப் போயிருந்தேன். என் ஆசிரியர் ஒருகாலத்தில் போட்டிகளில் இறங்கியவர். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவில் நிற்கச் சொன்னார். சரிவைப் பார்த்ததும் உடம்பு தன்னால் மலைப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. விழுவதே அதனால்தான். மலையை விட்டு விலகி, எந்தப் பள்ளத்துக்குப் பயப்படுகிறோமோ அந்தப் பக்கத்துக் காலில் பாரத்தை வைத்தால்தான் பலகையின் விளிம்பு பனியைக் கடிக்கும், திரும்ப முடியும். இதை வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் எனக்கு முன்னால் நின்று, முகம் என்னைப் பார்க்க, முதுகு பள்ளத்தாக்கைப் பார்க்க, பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கைகளும் என் பக்கம் நீட்டியிருந்தன. “பலகையைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. நான் நின்றால் நின்றார், நகர்ந்தால் நகர்ந்தார்.

எரிக்சன் கடைசிவரை இந்தப் பனிச்சறுக்கு உலகத்தை விட்டு விலகவில்லை. கலிஃபோர்னியா, வெர்மான்ட், கொலராடோ என்று பள்ளி பள்ளியாக மாறி, 1981இல் யூட்டாவில் டீர் வேலி என்ற சறுக்கு மையம் திறந்தபோது அங்கே சேர்ந்தார். 2015 டிசம்பரில் தன் 88ஆவது வயதில் அதே மலையடிவாரத்தில், பார்க் சிட்டி வீட்டில் இறந்தார்.

அப்புறம் ஒன்று. நான்காம் நாள் வகுப்பு முடிந்து, நான் கீழே உட்கார்ந்து காலணியின் கொக்கிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போவதற்குள் ஆசிரியர் தனியாக மேலே ஏறிப்போய் ஒரே ஒருமுறை இறங்கினார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் என்னைத் தாண்டிவிட்டார். அவர் கிளப்பிய பனித்தூள் மட்டும் என் முகத்தில் வந்து விழுந்தது.