புரட்டாதிக் குளிரில் வெளியே போக: வாசகர் கேள்வி – பதில்

ரொறொன்ரோவிலும் சுற்றுப்புறத்திலும் செப்ரெம்பர் நடுப்பகுதி தொடக்கம் ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் வரும் தாங்ஸ்கிவிங் வரை கிடைப்பது நாலைந்து வார இறுதிகள்தான். ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற கிழமை உண்டு. அதைத் தவறவிட்டால் மரத்தில் காய் இராது, ஆற்றில் மீன் இராது. வாசகர்கள் கேட்டவற்றில் ஆறு கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: பிள்ளைகளோடு அப்பிள் பறிக்கப் போக நினைக்கிறோம். போன முறை ஒக்ரோபர் நடுவில் போனபோது பிள்ளைகள் ஆசைப்பட்ட ஹனிகிறிஸ்ப் ஒன்றுகூட இல்லை. எப்போது போவது நல்லது? வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழம் மாவாகிப் போவது ஏன்?
– வாசகி, மார்க்கம்

எந்த அப்பிள் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். நாளை அதற்குப் பிறகு பார்க்கலாம். தெற்கு ஒன்ராறியோவில் மக்கின்ரொஷும் காலாவும் செப்ரெம்பர் நடுப்பகுதியில் பறிக்கத் தயாராகும். ஹனிகிறிஸ்ப் நடுப்பகுதிக்குப் பிறகு வரும். அதைத்தான் எல்லோரும் தேடுவார்கள் என்பதால் இரண்டு வார இறுதிகளுக்குள் முடிந்துவிடும். கோட்லண்டும் எம்பயரும் செப்ரெம்பர் கடைசியில். பை செய்வதற்குப் பேர்போன நோதேர்ன் ஸ்பைக்கு ஒக்ரோபர் பிற்பகுதிவரை பொறுக்க வேண்டும். மழையையும் வெயிலையும் பொறுத்து இவை ஒரு கிழமை முன்பின்னாகும். அதனால் புறப்படும் நாள் காலை தோட்டத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பல தோட்டங்கள் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கச் சொல்கின்றன. நுழைவுக்கு ஒரு காசு, பழத்துக்கு வேறு காசு. வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பறிக்கும் முறையைப் பிள்ளைகளுக்கு மரத்தடியிலேயே காட்டிக்கொடுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி, மெல்லத் திருக வேண்டும். பழுத்த பழம் காம்போடு கழன்று வரும். கீழ்நோக்கி இழுத்தால் காம்படியில் இருக்கும் சிறு கிளை முறியும். அடுத்த ஆண்டுக்கான மொட்டு அதில்தான் இருக்கிறது. கொப்பை உலுக்கினால் நாலு பழம் நிலத்தில் விழும், அவை யாருக்கும் உதவாது. மரத்தின் வெளிப்பக்கத்தில் வெயில் படும் பழம் முதலில் பழுக்கும், உள்ளே இருப்பது பிறகு. நிலத்தில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். மான் போன்றவற்றின் எச்சம் பட்டு ஈ-கோலை கிருமி தொற்றியிருக்கலாம். இதே காரணத்தால், பாஸ்டர் முறையில் சூடாக்காத அப்பிள் சைடரைச் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. போத்தலில் அது சூடாக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.

அரை புஷல் பை ஏறக்குறைய 9 கிலோ பிடிக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அதில் பாதி, அதாவது நடுத்தர அளவில் முப்பது பழம் போதும். பழம் மாவாவதற்குக் காரணம் சமையலறை மேசையில் வைப்பதுதான். அறைச் சூட்டில் அப்பிள் பல மடங்கு வேகமாக முதிரும். கழுவாமல், துளையிட்ட பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள். அடிபட்டதை முதலில் சாப்பிட்டு முடியுங்கள். அப்பிள் விடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கரட்டைக் கசக்கச் செய்யும், கீரையை மஞ்சளாக்கும். ஆகவே அவற்றை வேறு தட்டில் வையுங்கள்.

கேள்வி: என் வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, மிளகாய், பாகல் எல்லாம் நன்றாகக் காய்த்திருக்கின்றன. மார்க்கம் விழாவில் காய்கறிப் போட்டி இருக்கிறதாம். நாங்களும் கலந்துகொள்ளலாமா?
– வாசகர், ஸ்டூவில்

தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் தோட்டங்களில் விளைவதைப் பார்த்தால், போட்டி மேசையில் அவை இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. 1844இல் தொடங்கிய மார்க்கம் விழா செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் முதல் கிழமையிலோ வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கும். பார்வையாளராகப் போய்வரலாம், ஆனால் ஒரு தட்டுக் கத்தரிக்காயோடு போவதன் சந்தோசம் தனி.

விழாவுக்கு முன்பே போட்டி விதிகள் அடங்கிய பரிசுப் புத்தகம் வெளிவரும். பெயர் பதியும் கடைசித் தேதி விழாவுக்கு முந்தியே முடிந்துவிடும், அதை முதலில் பாருங்கள். கிராமிய விழாக்களில் நல்ல காய்கள் தோற்பதற்கு முதல் காரணம் எண்ணிக்கை பிழைப்பது. ஐந்து என்று எழுதியிருந்தால் ஐந்துதான், நல்லதாக இருக்கிறதே என்று ஆறாவதைச் சேர்த்தால் தட்டையே ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாவது காரணம், பெரிய காயைத் தேடிப் போவது. நடுவர் பார்ப்பது ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முதிர்ச்சி. ஒன்று பெரிதும் நாலு சிறிதுமாக வைப்பதைவிட, ஐந்தும் நடுத்தரமாய் ஒன்றுபோல இருக்கும் தட்டு வெல்லும். எனவே தேவையானதைப்போல இரண்டு மடங்கு ஆய்ந்து, மேசையில் பரப்பி, ஒத்தவற்றைத் தெரிந்தெடுங்கள்.

கத்தரியையும் மிளகாயையும் கையால் இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டுங்கள், காம்பு நேராக நிற்கும். கத்தரிக்காயை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும், எண்ணெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டாம். வெங்காயத்தைக் கழுவாதீர்கள், மண்ணைத் தட்டிவிடுங்கள். தோலை உரித்துக்கொண்டே போனால் உள்தோல் தெரிந்து புள்ளி குறையும். முதல் நாள் இரவு கத்தரிக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது பலர் செய்வது. 10 பாகைக்குக் கீழே போனால் அதன் தோலில் குழி விழும், உள்ளே விதை கறுக்கும். குளிர்ச்சியான அறையில் வைத்தாலே போதும். பாகற்காயை அப்பிளுக்கோ வாழைப்பழத்துக்கோ பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளடிக்கும்.

பாகல், புடோல் போன்றவற்றுக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் ‘வேறு ஏதாவது காய்கறி’ என்ற பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அமைப்பாளரிடம் கேளுங்கள், கேட்டால்தான் அடுத்த ஆண்டாவது சேர்ப்பார்கள். ஜாம் கொடுப்பதாக இருந்தால் புதிய மூடி போட்டு, போத்தலின் வாயிலிருந்து கால் அங்குலம் இடைவெளி விட்டு, கொதிநீரில் மூழ்கவைத்து அடைக்க வேண்டும். எங்கள் எண்ணெய் ஊறுகாயை அப்படி அடைப்பது பாதுகாப்பில்லை. எண்ணெய்க்கடியில் காற்றில்லாத இடத்தில் நச்சுக் கிருமி வளரலாம். ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்காமல் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: ஹைலன்ட் கிறீக் ஓரமாக நடந்தபோது பெரிய மீன்கள் பல செத்துக் கிடந்தன. ஆறு மாசுபட்டுவிட்டதா?
– வாசகி, ஸ்காபரோ

இல்லை. அவை சினூக் சமன் மீன்கள். பிறந்த ஆற்றைவிட்டு ஒன்ராறியோ ஏரிக்குப் போய், சில ஆண்டு அங்கே வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். முட்டையிட்டதும் இறந்துவிடும். அது அவற்றின் இயல்பு. இந்த ஏரியில் முன்பு இருந்த அத்திலாந்திக் சமன் ஆலை அணைகளாலும் காடழிப்பாலும் மீன்பிடி மிகுதியாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. சினூக்கை 1960களின் பிற்பகுதியிலிருந்து பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

உயிரோடு பார்க்க வேண்டுமா? செப்ரெம்பர் கடைசி முதல் ஒக்ரோபர் நடுப்பகுதி வரை, நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்துக் காலையில் போங்கள். மழையால் நீர் உயர்ந்தால்தான் அவை மேலேறும். ஹைலன்ட் கிறீக்கில் மோர்னிங்சைட் பூங்கா, ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில் சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள எற்றியன் பிறூலே பூங்கா, போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்று மீன்படி (மீன்கள் அணையைத் தாண்டி மேலேறக் கட்டிய படிகள்) ஆகியவை நல்ல இடங்கள். எற்றியன் பிறூலேயில் சிற்றணைகளைத் தாண்டித் துள்ளுவதைக் காணலாம். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டால் நீரின் பளபளப்பு மறைந்து மீன் தெரியும். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், முட்டைகள் காலடிச் சரளைக்குள்தான் இருக்கும். நாயையும் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவுக்கு நிறம் மாறிய இலைகளைக் காட்ட வேண்டும். அவருக்கு முழங்கால் நோ. அல்கொன்குவின் பூங்காவுக்குப் போகலாமா?
– வாசகர், எஜாக்ஸ்

போகலாம், ஆனால் நாள் பார்த்துப் போங்கள். அங்கே சர்க்கரை மேப்பிள் சிவப்பது செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் முதல் சில நாட்களிலும். தாங்ஸ்கிவிங்கில் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கிளையையே காண்பார்கள். வாகன அனுமதியை 5 நாட்களுக்கு முன்பிருந்து இணையத்தில் எடுக்கலாம், வார இறுதிக்கானது சீக்கிரம் முடிந்துவிடும். போக மூன்று மணிநேரம், நெரிசலில் இன்னும் கூடும். லுக்கவுட் நடைபாதை செங்குத்தானது, அம்மம்மாவுக்கு வேண்டாம். 60ஆம் நெடுஞ்சாலையில் 43ஆவது கிலோமீற்றரில் உள்ள வரவேற்பு நிலையத்தின் மேற்தளத்திலிருந்து நடக்காமலே காட்டைப் பார்க்கலாம். அருகே 1.5 கிலோமீற்றர் நீளமான ஸ்புரூஸ் பொக் பலகைப் பாதையும் உண்டு.

உண்மையில் அவருக்கு ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவே வசதி. நுழைவு இலவசம், எஜாக்ஸுக்குப் பக்கம், நிறம் ஒக்ரோபர் நடுவில்தான் முற்றும். உண்ணி உள்ள இடம் என்பதால் புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடந்து, வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமயிர் ஓரம் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் நுண்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு வைப்பது, எண்ணெய் பூசுவது வேண்டாம்.

கேள்வி: செப்ரெம்பர் கடைசியில் பூங்காவில் நாற்பது பேருக்கு ஒன்றுகூடல் வைக்கிறோம். சாப்பாடு எல்லோரும் கொண்டுவருவார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஸ்காபரோ

ரொறொன்ரோ பூங்காவில் 25 பேருக்கு மேல் கூடினால் அனுமதிச் சீட்டு வேண்டும். முன்பே விண்ணப்பியுங்கள். கூரையுள்ள இடம் கிடைத்தால் எடுங்கள், இந்த மாதத்தில் மழையும் வெயிலும் ஒரே நாளில் வரும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சட்டென்று குளிரும், வயதானவர்களுக்குப் போர்வை வேண்டும்.

இந்தக் காலத்தின் பெரிய தொல்லை மஞ்சள் குளவி. கோடையில் கூட்டிலுள்ள புழுக்கள் கொடுக்கும் இனிப்பு நீரில் வாழ்ந்த குளவிகளுக்குப் புரட்டாதியில் புழு குறைந்து அது கிடையாது. அதனால் உங்கள் சோடாவைத் தேடி வரும். சோடா ரின் வேண்டாம், உள்ளே குளவி இருப்பது தெரியாமல் வாயில் வைத்தால் தொண்டையில் கொட்டும். மூடியுள்ள போத்தலே நல்லது. குப்பைத் தொட்டியிலிருந்து தள்ளி மேசை போடுங்கள்.

சோற்றை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். ஆறிய சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடானது 60 பாகைக்கு மேல், குளிரானது 4 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும். இடியப்பம், கட்லட், ரொட்டி போன்றவை சோற்றைவிடச் சமாளிக்க இலகு. யார் எதைக் கொண்டுவருவது என்று முன்பே பிரித்துக்கொள்ளாவிட்டால் ஏழு பேர் கட்லட்டோடு வந்து நிற்பார்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மகனுக்குத் தொண்டர் மணிநேரம் சேர்க்க வேண்டும். இந்தக் காலத்தில் என்ன செய்யலாம்?
– வாசகர், பிக்கரிங்

உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணிநேரம் வேண்டும். டெரி ஃபொக்ஸ் ஓட்டம் நல்ல தொடக்கம். செப்ரெம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிந்திய இரண்டாவது ஞாயிறு நடக்கும். புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெரி, 1980இல் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய நினைவாக 1981இலிருந்து நடக்கிறது. போட்டியில்லை, நுழைவுக் கட்டணமில்லை. ஓடலாம், நடக்கலாம், தள்ளுவண்டியோடு வரலாம். ஆனால் ஓடுவதற்கு மணிநேரம் சேருமா என்பதைப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு மேசையிலோ தண்ணீர் கொடுக்கும் இடத்திலோ தொண்டராக நிற்பது நல்லது. அதற்கு ஓகஸ்ட் மாதத்திலேயே உங்கள் பகுதி அமைப்பாளருக்கு எழுதுங்கள், கடைசிக் கிழமையில் இடம் இராது.

ஏரிக்கரைக் குப்பை அகற்றல், மரநடுகை, கிராமிய விழா உதவி எல்லாம் இதே மாதங்களில் வரும். பள்ளிக் கூட்டமைப்பின் படிவத்தை மகன் கையோடு கொண்டுபோய் அன்றே அமைப்பாளரின் கையொப்பம் வாங்கட்டும். மாதம் கழித்துத் தேடினால் அந்த ஆள் கிடைக்கமாட்டார். வகுப்பு நேரத்தில் செய்ததும் சம்பளம் வாங்கியதும் கணக்கில் வராது. சந்தேகமானால் தொடங்கும் முன்பே பள்ளி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.