கேமராவுக்காக நகையை அடகு வைக்கலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கல்யாண போட்டோகிராபிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், கேமரா வாங்க உங்கள் நகையைக் கேட்கிறான். உங்கள் தெருவில் இருந்த ஸ்டுடியோவோ இன்று ஜெராக்ஸ் கடை. பயம் வரத்தான் செய்யும்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். பையனையும் தடுக்காதீர்கள்.

அந்த ஸ்டுடியோ மூடியதற்குக் காரணம் கல்யாணங்கள் குறைந்ததல்ல. பிலிம் ரோல் கழுவுவது, பிரிண்ட் போடுவது, பாஸ்போர்ட் படம் எடுப்பது என்று அன்றாடச் செலவுக்கு வந்துகொண்டிருந்த காசு, டிஜிட்டல் கேமரா வந்ததும் நின்றுபோனது. அந்த ஸ்டுடியோக்காரரை மட்டும் சொல்லி என்ன? 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து பார்த்தவர், பிலிம் விற்றே பெரிதான கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன். அந்தக் கோடாக்கே 2012-ல் திவால் மனு போட்டது.

பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு ரோலில் 36 படம். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிடக் கூடாதே என்று, பாதியில் இருக்கும் ரோலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு கிளிக்கும் காசு. இப்போது ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். அதனால் பாதி வேலை மண்டபத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. படம் பொறுக்குவது, கலர் சரிசெய்வது, ஆல்பம் டிசைன், துபாயில் இருக்கும் சித்தப்பாவுக்கு நேரலை, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஒரு ரீல்ஸ். கேண்டிட்டுக்கு, அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பதற்கு, தனி ஆள்; வரிசையாக நிற்க வைத்து எடுக்கும் ட்ரெடிஷனலுக்குத் தனி ஆள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கண் மூடிய படங்களை ஒதுக்குவதையும், விருந்தாளியின் முகத்தை வைத்து அவர் இருக்கும் படங்களைத் தேடித் தருவதையும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளே செய்துவிடுகிறது. எடிட்டிங் மட்டும் தெரிந்தால் போதும் என்று பையன் நினைத்தால், வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நாத்தனார் மூன்றாவது முடிச்சுப் போடும்போது யார் தோளுக்கு மேலே கேமராவை நீட்ட வேண்டும், அட்சதை விழும் முன் எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்பது மண்டபத்தில் நின்று பழகியவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, படத்தைப் பத்திரமாக வைத்திருப்பது. என் தங்கை கல்யாணத்தை எடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார்கள். அது கீழே விழுந்தது. வரவேற்புப் படங்கள் மட்டும் மிஞ்சின, முகூர்த்தம் போயிற்று. அந்தக் காலத்தில் நெகட்டிவ் இருக்கும், மறுபடி பிரிண்ட் போடலாம். இப்போது இரண்டு மெமரி கார்டு போடும் கேமரா, அன்றிரவே இரண்டு இடத்தில் நகல் என்பதெல்லாம் தொழிலின் பால பாடம்.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் முகூர்த்தம் கிடையாது. அடகு வட்டிக்கு ஆடி, மார்கழி தெரியாது. கேமரா, லென்ஸ் எல்லாம் நாள் வாடகைக்கே கிடைக்கின்றன. முதல் ஒரு வருடம் ஏதாவது ஒரு டீமில் லைட் பிடிக்கட்டும். விடிகாலை நான்கு மணிக்கு மண்டபத்தில் நிற்பது பிடித்திருக்கிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

படிப்பையும் விட வேண்டாம். விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் என்ற காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு, பல கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படிக்கலாம். போட்டோகிராபி மட்டும் என்றால் ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. கட்டணத்தை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், உள்ளூரில் ஒரு பட்டப்படிப்பு, சனி ஞாயிறுகளில் கல்யாண வேலை என்று தொடங்குவதே உங்கள் குடும்பத்துக்குத் தோதுப்படும்.

ட்ரோன் ஆசை கட்டாயம் வரும். 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் ஆகியிருக்க வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபம் என்றால் அனுமதி தனி.

காசு வாங்கி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பதிப்புரிமை எடுக்கச் சொன்ன வீட்டாருடையது. நம் 1957 சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மணப்பெண் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த ஸ்டுடியோக்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று விசாரித்தீர்களா? கடையை மூடிய பலர் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆர்டர் எடுக்கிறார்கள். அவரும் அப்படி இருந்தால், பையனை முதலில் அவரிடமே அனுப்பிப் பாருங்கள்.