வலி மருந்து ஆய்வில் அப்பா சேரலாமா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இன்னும் பத்து நாளில் முழங்கால் மாற்று ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் பின் வரும் வலிக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்களாம். அந்த ஆய்வில் சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். சிலருக்குப் புது மருந்து, சிலருக்கு டம்மி மருந்து. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். "பாதிப்பு ஏற்பட்டால் மருத்துவமனையையோ மருந்து நிறுவனத்தையோ பொறுப்பாக்க மாட்டேன்" என்று ஒரு வரி பயமுறுத்துகிறது. ஆபரேஷன் அன்று காலையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். அப்பாவுக்குப் பதில் நான் போடலாமா? சேர்ந்த பிறகு விலக முடியுமா? சேராவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அப்பா தயங்குவதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். சேராவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகக் கூடாது, கவனிப்பும் குறையக் கூடாது. மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான 1947-இன் நியூரம்பெர்க் நெறிகளில் முதல் நெறியே, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான சம்மதம் கட்டாயம் என்பதுதான். உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய பிரகடனமும், நோயாளி மறுத்தாலும் விலகினாலும் அவருக்கும் மருத்துவருக்கும் உள்ள உறவு பாதிக்கப்படக் கூடாது என்கிறது. "சேராவிட்டால் தேதி கிடைப்பது கஷ்டம்" என்று யாராவது சொன்னால், சொன்னவர் பெயர், நாள், நேரம் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

அப்பாவுக்குப் பதில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. சுயநினைவோடு, புரிந்து முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் பெரியவருக்காக மகனோ மகளோ போடும் கையெழுத்து, சம்மதமே ஆகாது. அவருக்குப் படிக்க முடியாவிட்டால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், முடிவு அவருடையது.

ஆபரேஷன் அன்று காலை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தியேட்டருக்கு அழைத்துப் போகும் முன் பதற்றம் குறைய ஒரு மருந்து கொடுப்பது உண்டு. அந்த வகை மருந்துகளில் சில, நினைவையே மங்கச் செய்யும். அப்போது போட்ட கையெழுத்து அவருக்கு மறுநாள் ஞாபகத்தில்கூட இல்லாமல் போகலாம். அதற்கு வழக்கறிஞன் என்ற முறையில் நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன், ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் கொடுக்கக் கூடாது. பத்து நாள் இருக்கிறது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், குடும்ப டாக்டரிடம் காட்டுங்கள், இரண்டு நாள் யோசியுங்கள். சர்வதேச நல்ல ஆய்வு நடைமுறை விதிகளும் போதுமான அவகாசம் தரச் சொல்கின்றன. கையெழுத்தான பிறகு தேதியிட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இனி வலி. இந்த வகை ஆய்வில் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமான பக்கம், "ரெஸ்க்யூ மருந்து", அதாவது ஆய்வு மருந்தால் வலி அடங்காவிட்டால் தரும் மாற்று வலி மருந்து, பற்றிய பக்கம். டம்மி மருந்து என்றால் வலியோடு போட்டு வைப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காக நடக்கும் ஆய்வில் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தசைச் சீரமைப்பும் கால் பெருவிரல் புடைப்பு ஆபரேஷனும் செய்துகொண்டவர்களிடம் அதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு டம்மி மருந்து. ஆனால் வலி பொறுக்காதவர்களுக்கு ஐபுபுரோஃபென் தர ஏற்பாடு இருந்தது.

ஆகவே அப்பாவின் படிவத்தில் பாருங்கள்: வலி அதிகமானால் தரப்போகும் மருந்தின் பெயர் என்ன? எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை தருவார்கள்? நள்ளிரவில் வலித்தால் டியூட்டி நர்ஸே தரலாமா, ஆய்வு டாக்டருக்குப் போன் போட்டுத்தான் தர வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். பெரியவர்கள் பலர் எட்டு இருக்கும்போது "ஏதோ பரவாயில்லை, அஞ்சு" என்பார்கள். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது அவர் கடமை அல்ல. சில ஆய்வுகளில் முதல் டோஸுக்குப் பிறகு கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. ரெஸ்க்யூ மருந்து கேட்பது ஆய்விலிருந்து விலகுவதும் ஆகாது.

விலகுவதைப் பொறுத்தவரை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதோடு ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை என்றால் அடுத்த டோஸை மறுக்கலாம். மூட்டுக்குள் செலுத்தும், நாள்கணக்கில் வேலை செய்யும் ஊசி என்றால், உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. அப்பாவுக்கு எது என்று கேளுங்கள். விலகினாலும் பாதுகாப்புக்கான பரிசோதனைகளுக்கு மட்டும் போய்வருவது அவருக்குத்தான் நல்லது. அதுவரை சேர்ந்த தகவல்கள் பெரும்பாலும் ஆய்விலேயே இருக்கும், படிவத்தில் அதையும் பாருங்கள்.

சரி, உங்களைப் பயமுறுத்திய அந்த வரி. அது அங்கே இருக்கவே கூடாது. பங்கேற்பவர் தன் சட்ட உரிமையைக் கைவிடுவதாகவோ, கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து டாக்டரையும் நிறுவனத்தையும் விடுவிப்பதாகவோ ஒப்புதல் படிவத்தில் எழுதக் கூடாது என்பது சர்வதேச விதி. அமெரிக்கச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. அதற்காகப் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். நெறிமுறைக் குழு அனுமதித்தது அதே பதிப்புதானா என்று கேளுங்கள். அனுமதித்த படிவத்தில் அந்த வரி இல்லாமல், உங்களிடம் வந்ததில் மட்டும் இருந்தால், அது பெரிய குற்றச்சாட்டு.

இழப்பீடு நாட்டுக்கு நாடு மாறும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வால் வந்ததென்றால் இழப்பீடும் உண்டு. ரெஸ்க்யூ மருந்து கைவசம் இருந்தும் அதைத் தராமல் விட்டு, அதனால் வந்த பாதிப்பையும் ஆய்வால் வந்ததாகவே அந்த விதிகள் கருதுகின்றன. வலி ஆய்வில் சேருபவருக்கு இது பெரிய பலம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் காப்பீடோ அதற்கு ஈடான ஏற்பாடோ இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் இழப்பீடு கட்டாயமில்லை. ஓரளவு ஆபத்துள்ள ஆய்வு என்றால், இழப்பீடு உண்டா இல்லையா என்பதைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சொந்தக் காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். சோதனை நிலையில் உள்ள சிகிச்சைகளை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய உண்டு.

புது மருந்துகள் வேண்டும்தான். மார்ஃபின் போன்ற, அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு மருந்துகள் இல்லாமல் வலியைக் குறைக்க வழி கிடைத்தால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள், அதற்கு உங்கள் அப்பா போன்றவர்கள் முன்வர வேண்டியிருக்கிறது. அதனால் சேராதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வு பதிவாகியிருக்கிறதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில் தேடுங்கள். பதிவு எண் படிவத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், நாளைக்கே நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆய்வின் பெயர், படிவத்தின் பதிப்பு எண், அந்த வரி அப்படியே, "இது குழு அனுமதித்த வாசகமா, எழுத்தில் பதில் தரவும்" என்ற கோரிக்கை. அரைப் பக்கம் போதும். குழுவின் தொடர்பு விவரம் படிவத்திலேயே இருக்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். ஆபரேஷன் அதே தேதியில் நடக்கட்டும்.