பழைய ஸ்காட்லாந்துப் படங்கள்: பிரிக்காமலே காலம் சொல்லலாம்

கேள்வி: வீட்டில் கிடைத்த பழைய ஆல்பத்தில் எடின்பரோ, டண்டீ ஊர்களின் கோட்டை, தேவாலயம், பாலப் படங்கள் இருக்கின்றன. மஞ்சளும் பழுப்புமாக மாறிவிட்டன. சில படங்களின் மூலையில் ஜி.டபிள்யூ.டபிள்யூ., ஜே.வி. என்ற எழுத்துகளும் எண்ணும் உள்ளன. எந்தக் காலத்தவை? பின்பக்கம் பார்க்கப் பிரித்தெடுக்கலாமா? எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், புரசைவாக்கம்

பதில்: தயவுசெய்து பிரிக்காதீர்கள். அந்தக் காலத்து அல்புமின் பிரிண்ட், முட்டை வெள்ளைக்கரு பூசிய மிக மெல்லிய தாள். தனியாக இருந்தால் சுருண்டுகொள்ளும் என்றுதான் அட்டையில் ஒட்டினார்கள். இழுத்தால் கிழியும், மேற்பூச்சு வெடிக்கும்.

தேவையான தடயம் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஜி.டபிள்யூ.டபிள்யூ. என்பது அபர்டீனைச் சேர்ந்த புகைப்படக்காரர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் (1823–1893). ஜே.வி. என்பது டண்டீயின் ஜேம்ஸ் வேலன்டைன் (1815–1879) பெயரில் நடந்த புகைப்பட நிறுவனம். எண், நெகட்டிவுக்கு உரியது. ஒரே நெகட்டிவில் பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டு விற்றதால், படம் எடுத்த ஆண்டும் பிரதி அச்சான ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஆண்டைக் கட்டடங்களிடம் கேளுங்கள். டண்டீயில் டே ஆற்றின் மேலுள்ள ரயில் பாலம் 1878-இல் திறக்கப்பட்டு, 1879 டிசம்பர் 28 புயலில் ரயிலோடு சரிந்தது. புதுப்பாலம் 1887-இல் வந்தது. பழைய தூண்களின் அடிக்கட்டைகள் இன்றும் புதுப்பாலத்தின் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: பாலத்தை ஒட்டி நீருக்கு மேல் அந்தக் கட்டைகள் தெரிந்தால், அது புதுப்பாலம். எடின்பரோவில் கால்டன் குன்றிலிருந்து எடுத்த காட்சியில், ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டலின் மணிக்கூண்டு இருந்தால் படம் 1902-ஐ ஒட்டியோ பிறகோ எடுத்தது. எடின்பரோவுக்கு அருகிலுள்ள ஃபோர்த் ரயில் பாலம் முழுமையாகத் தெரிந்தால் 1890 வாக்கிலோ பிறகோ.

அல்புமின் பிரிண்டுகள் பெரும்பாலும் 1850-களிலிருந்து 1890-கள் வரையிலானவை. வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாவது அந்த வெள்ளைக்கருவால்தான்; துடைத்தால் போகாது. ஈரத்துணி, தண்ணீர், அழிரப்பர் எதுவும் வேண்டாம். கறுத்த பகுதிகளின் ஓரத்தில் வெள்ளிப்பளபளப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளைக்கருவுக்குப் பதில் ஜெலட்டின் பூசிய பிற்காலப் பிரிண்ட்.

முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பு; உள்ளங்கை அளவுப் படங்களுக்கு 1200. ஆல்பம் தட்டையாக விரியாவிட்டால் ஸ்கேனர் மூடியை அழுத்த வேண்டாம். கேமராவை நேர்மேலே நிறுத்தி, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

சென்னையில் பெரிய எதிரி ஈரப்பதம். அதில் பூஞ்சை பிடிக்கும். பக்கங்களுக்கு நடுவே அமிலமற்ற தாள் வைத்து, ஆல்பத்தை அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். பெட்டி பீரோவின் நடுத்தட்டில் இருக்கட்டும். மழை படும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ ஆகாது. சிலிக்கா ஜெல் பைகளை நிறம் மாறியதும் மாற்றுங்கள். பிவிசி உறை, லேமினேஷன், செல்லோடேப், அந்துருண்டை நான்கும் கெடுதல். பூஞ்சை ஏற்கெனவே இருந்தால் அந்த ஆல்பத்தைத் தனியே வைத்து உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, மென்மையான பிரஷால் வெளியில் வைத்துத் தட்டுங்கள். படத்தின் மேல் ஒட்டிய பூஞ்சையைத் தேய்க்காதீர்கள்.

வில்சனின் கண்ணாடி நெகட்டிவுகள் அபர்டீன் பல்கலைக்கழகத்திலும், வேலன்டைன் தொகுப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. இரண்டின் இணையத் தொகுப்பிலும் உங்கள் எண்ணையும் ஊர்ப்பெயரையும் தேடிப் பார்க்கலாம்.