பிஞ்சைக் கிள்ளாதீர்கள்: நாளையைப் பற்றிய கவலைக்குச் சில பதில்கள்

மனநலப் பிரிவில் 27 வருடம் செவிலியராக இருந்தேன். கொஞ்ச காலம் மலைக்குக் கீழே, மீதி மலைக்கு மேலே. இப்போது குமுளியில் இருக்கிறேன். சின்ன வயதில் அம்மாவோடு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். நாளையை நினைத்து இன்றைக்குத் தூக்கம் போகிறது என்று தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

சிஸ்டர், நான் கம்பம் பக்கம். விடியுமுன் ஜீப்பில் ஏறியதிலிருந்து தோட்டம் போய்ச் சேரும் வரை மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. மகளின் காலேஜ் பீஸ், குழு லோன், மழை பிடித்தால் வேலை நிற்குமே என்று. "இன்றைக்கு மட்டும் வாழு" என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்படி இருந்தால் நாளைக்கு அடுப்பு எரியுமா?

எரியாது. அதனால்தான் அந்த வார்த்தையை நான் யாருக்கும் அப்படியே சொல்வதில்லை. தினக்கூலிக்குப் போகிறவரிடம் நாளையை மறந்துவிடு என்று சொல்வது நியாயமே இல்லை.

நீங்கள் காய் எடுக்கும் விதத்தையே பாருங்கள். ஒரே சரத்தில் முற்றிய காய் இருக்கும், பிஞ்சு இருக்கும், நுனியில் பூவும் இருக்கும். முற்றியதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிடுவீர்கள். பிஞ்சை மறந்துவிட்டீர்கள் என்றா அர்த்தம்? இல்லை. முப்பது நாற்பது நாள் கழித்து அடுத்த ரவுண்டில் அதே செடிக்கு வருவீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கே கிள்ளினால் எடையும் நிற்காது, அடுத்த ரவுண்டுக்குக் காயும் இருக்காது. நான் சொல்கிற "இன்றில் இருப்பது" இவ்வளவுதான்.

மகள் பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இன்றைக்கு முற்றியது எது? கடைசித் தேதி என்ன, இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று ஆபீசில் கேட்பது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. காலேஜ் மூலமாக விண்ணப்பித்தாளா என்று விசாரிப்பது. இதெல்லாம் திட்டம். கை, கால், வாய் இவற்றில் ஒன்றுக்கு வேலை இருந்தால் அது திட்டம். எதற்கும் வேலை இல்லாமல் தலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அதுதான் கவலை.

அப்புறம் அந்த ஜீப் பயணம். கம்பியைப் பிடித்திருக்கும் கையைக் கவனியுங்கள். எந்த வளைவில் காற்று குளிரத் தொடங்குகிறது, பக்கத்தில் இருப்பவரின் தோள் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இரண்டு வளைவுக்குள் மனசு மறுபடி பீஸுக்குப் போய்விடும். போகட்டும். போனது தெரிந்ததும் கைக்குத் திரும்பி வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்பி வருவது, அதுதான் பயிற்சி. ஓடுகிற மனசு உங்களுக்கு மட்டும் வாய்த்ததில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், போன் வழியாக நேரம் பார்க்காமல் "இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது" என்று 2250 பேரைக் கேட்டார்கள். ஏறக்குறைய பாதி நேரம், 47 சதவீதம், மனசு கையில் இருந்த வேலையில் இல்லை. மனசு வேறெங்கோ இருந்த நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

வண்டன்மேட்டில் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். விலை ஏறியதைப் பார்த்துக் கடன் வாங்கி நட்டேன். இப்போது ராத்திரி எழுந்துகூட போனில் விலை பார்க்கிறேன்.

ஐயா, 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனதை இந்த மலையில் யாரும் மறக்க மாட்டோம். அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் கீழே விழுந்ததையும் பார்த்தோம். அன்றைக்கு ராத்திரி பகலாக விலை பார்த்தவர்கள் அந்த இறக்கத்தை நிறுத்திவிடவில்லை. புற்றடியிலும் போடியிலும் ஏல விற்பனை நடப்பது பகலில். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் பார்ப்பது பகலில் பார்த்த அதே எண்ணைத்தான். மாலையில் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதிவிட்டு போனை வேறு அறையில் வையுங்கள்.

விலை உங்கள் கையில் இல்லை. ஸ்டோரில், அதாவது உலர்த்தும் அறையில், காய் உலரும்போது பச்சை போகாமல் பார்ப்பது உங்கள் கையில். பேங்க் மேனேஜரைப் போய்ப் பார்த்துத் தவணையை மாற்றி அமைக்கக் கேட்பதும் உங்கள் கையில். அதைத் தள்ளிப்போடுவதால்தான் கவலை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வாரமே போய் வாருங்கள்.

நீட் இரண்டாவது தடவை எழுதப் போகிறேன் அக்கா. "ரிசல்ட்டை நினைக்காதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நினைக்கக் கூடாது என்று நினைத்தாலே அதிகமாக வருகிறது.

வரத்தான் செய்யும் தம்பி. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் சிலரை உட்கார வைத்து, வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. நினைக்காதே என்று மனசுக்குக் கட்டளை போட்டால் அது காவலுக்கு உட்கார்ந்து அதையேதான் தேடும்.

அதனால் கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடு. போர்கோவெக் என்பவரும் அவர் குழுவும் 1983-லேயே சோதித்துப் பார்த்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. உனக்கு மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள். காலையில் படிக்கும்போது "மறுபடி போய்விட்டால்?" என்று வந்தால் சின்னத் தாளில் ஒரு வரி எழுதி, ஐந்தரைக்குப் பார்க்கிறேன் என்று வைத்துவிடு. ஐந்தரைக்கு உட்கார்ந்து மனசார கவலைப்படு. எழுதியதில் பாதி அந்த நேரத்தில் வெறும் வரியாகத்தான் இருக்கும். மீதியில் செய்யக்கூடியது இருந்தால், உதாரணமாக பிசிக்ஸில் ஒரு பாடம் புரியவில்லை என்றால், நாளைய அட்டவணையில் சேர். படுக்கையை மட்டும் கவலைக்கான இடமாக வைத்துக்கொள்ளாதே.

மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. வண்டி ஓட்டுகிறவன், பகலில் கண் சொக்குகிறது.

அண்ணா, முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத்தில் கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும். எல்லாவற்றையும் மனசு என்று நானே முடிவு செய்துவிட மாட்டேன். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால், சாயங்காலத்துக்கு மேல் டீயை நிறுத்துங்கள். குடித்த டீயில் இருக்கும் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு இறங்கும். இது உடம்பின் அமைப்பு, நம்பிக்கை வைக்கக்கூட வேண்டியதில்லை. இருபது நிமிடம் போனது போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து அடுப்படியில் உட்காருங்கள். கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள். சொக்கிய கண்ணோடு மலைப்பாதையில் வண்டி எடுக்காதீர்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

வண்டிப்பெரியாறில் இருக்கிறோம். மழை பிடித்தால் முல்லைப் பெரியாறு அணையை நினைத்தே பயம். கீழே கூடலூரில் இருக்கும் என் தங்கைக்கோ தண்ணீர் வராமல் போகுமோ என்று பயம். இதில் "இந்தக் கணத்தில் இரு" என்றால் எப்படி?

இந்தக் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். என் வீடும் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. 1895-ல் அணை கட்டி முடித்த நாளிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கிறது. மேலே இருக்கும் உங்களுக்கு, உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த 142 அடி நீர்மட்டம் என்பது ஒவ்வொரு மழைக்கும் காதில் விழுகிற எண். அக்காவும் தங்கையும் ஒரே தண்ணீரை வேறு வேறு பயத்தோடு பார்க்கிறீர்கள். இரண்டு பயமும் பொய் இல்லை.

பயத்துக்குக் காரணம் இருக்கும்போது முதலில் செய்ய வேண்டியது தியானம் அல்ல, ஏற்பாடு. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவருகே வையுங்கள். கிளம்ப வேண்டி வந்தால் எந்த மேட்டுக்கு, யார் வீட்டுக்கு என்று வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்லும்படி முடிவு செய்யுங்கள். 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணைச் சுவரில் எழுதுங்கள். மழைக்காலத்தில் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை அரசு அறிவிப்பைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் சொன்னபடி நடங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பழைய வெள்ள வீடியோக்களைத் திறக்காதீர்கள். அவை மழையைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

ஏற்பாடு முடிந்த பிறகும் பயம் வரும். அப்போதுதான் கணத்துக்கு வர வேண்டும். இப்போது தரை காய்ந்திருக்கிறதா? பிள்ளைகள் மூச்சு விடும் சத்தம் கேட்கிறதா? அதைக் கேளுங்கள்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போய் 70 பேரை இழந்தோம். அதைப் போல மழை ராத்திரியில் சொந்தத்தை இழந்தவர்களுக்குத் தகரத்தில் மழை விழும் சத்தமே அன்றைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்டவர்கள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பயம் கூடும். கண்ணைத் திறந்தே இருங்கள். விளக்கைப் போட்டு, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், சுவரைத் தொடுங்கள், இன்றைய தேதியைச் சொல்லுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் தனியாகத் தாங்க வேண்டாம், உதவிக்கு வழி கீழே எழுதியிருக்கிறேன்.

மகன் துபாயில். போன் எடுக்கவில்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அம்மா, அவனோடு ஒரு நேரம் பேசி வையுங்கள். "வேலை முடிந்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் போதும்" என்று. அந்த நேரத்துக்கு முன்னால் கூப்பிடாதீர்கள். சோற்றை மட்டும் அவன் போனோடு முடிச்சுப் போடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்பதுதான் அவனுடைய கவலையாக இருக்கும்.

நான் ஜெபம் செய்கிறவள். தியானம் எல்லாம் செய்யலாமா?

தாராளமாக. மூச்சைக் கவனிக்கும் பழக்கம் புத்தர் வழியில் வந்ததுதான். ஆனால் ஆஸ்பத்திரிகளில் கற்றுத் தருவது மதம் சாராத வடிவம். ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தீராத வலி உள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கினார். எட்டு வாரப் பயிற்சி. உங்களுக்கு ஜெபமே போதும் என்றால் ஜெபத்தையே அவசரமில்லாமல் சொல்லுங்கள். ஐந்து வேளை தொழுகிறவர்களும், சரணம் சொல்லி மலை ஏறுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான். வெங்காயம் நறுக்கும்போது வெங்காயத்தை மட்டும் பார்த்தாலும் சரி.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மாத்திரை போட்டால் பழகிவிடுமா?

ஆறு மாதமாக, பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத கவலை. அதோடு தூக்கமின்மை, எரிச்சல், தசை இறுக்கம், சோர்வு. இப்படி இருந்தால் அதைப் பொதுப் பதற்ற நோய் என்போம். அதற்குச் சிகிச்சை உண்டு. வேலைக்கே போக முடியவில்லையென்றால் ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். டாக்டர்கள் முதலில் தருவது பெரும்பாலும் பழக்கத்துக்கு அடிமையாக்காத மாத்திரைகள். வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நீங்களாக நிறுத்தக் கூடாது. பழகிவிடுவது மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரை. அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுகிறீர்கள் என்றால் திடீரென்றும் விடாதீர்கள், டாக்டர் சொல்லும் கணக்கில் குறையுங்கள்.

ஆஸ்பத்திரி தூரம் என்றால் 14416. டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 2022-லிருந்து இருக்கிறது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் உடனே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் நான் பயந்தது நடந்தேவிட்டது. கணவர் போய்விட்டார். அப்படியென்றால் நான் கவலைப்பட்டது சரிதானே?

தங்கச்சி, உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதற்கு என்னிடம் வேகமான பதில் இல்லை. கவலைப்படுவது பெரும்பாலும் நடப்பதில்லை என்று ஆய்வு உண்டு. 2020-ல் வெளியான ஒன்றில், பதற்ற நோய் உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதிவைத்துச் சரிபார்த்ததில் 91 சதவீதம் நடக்கவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் மீதி ஒன்பதில் நிற்கிற உங்களிடம் அந்தக் கணக்கைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

என் அம்மா படுக்கையில் இருந்தபோது நானும் எட்டு மாதம் முன்கூட்டியே அழுதேன். அவர் போன அன்றைக்கு அந்த எட்டு மாத அழுகையில் ஒரு சொட்டும் கழியவில்லை, முழுதாக அழ வேண்டியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் எனக்கு இப்போது ஞாபகம் இருப்பது இரண்டு சாயங்காலங்கள்தான். கவலையை மறந்து அவர் தலைக்கு எண்ணெய் வைத்து விட்ட சாயங்காலங்கள்.

உங்களுக்கும் அந்த இரண்டு வருடத்தில் அப்படி ஏதாவது இருக்கும். எனக்கு எழுதுங்கள். மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத் தனியாக, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்புகிறேன்.